பழைய ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸுக்கு மூடியும் ஃபில்டரும்: முதலில் அளவு, அப்புறம் தேடல்

லென்ஸ் வழியாக இல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்கிற பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்று கைக்கு வந்து சேர்ந்தால் அநேகமாக அதோடு லென்ஸ் மூடி வந்திருக்காது. கேமரா இருக்கும், தோல் உறை இருக்கும், சில சமயம் உள்ளே பாதி ஓடிய ஃபிலிம்கூட இருக்கும். மூடி மட்டும் எப்போதோ ஒரு கல்யாண வீட்டில் விழுந்து போயிருக்கும். லென்ஸின் முன்னால் மாட்டுகிற கண்ணாடியான ஃபில்டர் என்று ஒன்று இருந்தால் அது லென்ஸோடு இறுகிப்போய்க் கழற்ற வராமல் நிற்கும். பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரம் பக்கத்திலும் இந்தக் கேமராக்களை வைத்திருக்கும் சிநேகிதர்களுக்காகக் கொஞ்ச வருஷமாக இதையேதான் தேடிக்கொண்டிருக்கிறேன். தேடித் தேடித் தெரிந்துகொண்டதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மூடி எதற்கு, தூசி படாமல் துடைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் வெளிச்சத்தை மேலே திருப்பிவிடும் கண்ணாடி நிற்கும். ரேஞ்ச்ஃபைண்டரில் அது கிடையாது, லென்ஸுக்கு நேர் பின்னால் ஷட்டர்தான். பழைய லைக்கா, ஃபெட், ஸோர்க்கி இதிலெல்லாம் அந்த ஷட்டர் ரப்பர் பூசிய துணி. சிறுவயதில் பூதக்கண்ணாடி வைத்துக் காகிதம் பற்ற வைத்திருப்பீர்களே, அதே வேலையை லென்ஸ் அந்தத் துணியில் செய்யும். சித்திரை மாசம் குறுக்குத்துறையில் குளிக்கப் போனபோது என் ஃபெட் 3 கேமராவைப் படித்துறைக் கல்லில் வானம் பார்க்க வைத்துவிட்டு ஆற்றில் இறங்கினேன். மூடி இல்லை. லென்ஸின் ஃபோகஸ் முடிவிலியில், அதாவது வெகுதூரத்தில், இருந்தது. அடுத்த ரோல் கழுவி வந்ததும் பார்த்தால் பிரிண்ட் எடுத்த ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. கேமராவின் பின்பக்கத்தைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஷட்டர் திரையில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை. அந்தப் புள்ளியைப் பார்த்த வருத்தம் இன்னும் போகவில்லை. நம் ஊர் வெயிலில் துணி ஷட்டர் கேமராவுக்கு மூடிதான் உயிர். மூடி கிடைக்கிறவரை, நடந்து போகும்போது ஃபோகஸைக் கிட்டத்து அளவில் திருப்பி, வெளிச்சம் நுழையும் துவாரமான அபெர்ச்சரை எஃப்/16 வரை சுருக்கி, லென்ஸைத் தரையைப் பார்க்கத் தொங்க விடுங்கள்.

யாஷிகா எலெக்ட்ரோ, கேனோனெட், மினோல்டா ஹை-மேட்டிக் மாதிரிக் கேமராக்களில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே உலோக இதழ்களாக இருக்கிறது. அவற்றுக்கு இந்தப் பயம் இல்லை. நிறமில்லாத யூவி ஃபில்டர் ஒன்றை நிரந்தரமாக மாட்டி வைத்துவிட்டு மூடியைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கலாம் என்பது என் கருத்து.

சரி, அளவுக்கு வருவோம். வாங்குவதற்கு முன் அளந்து பார்க்காததுதான் எல்லாரும் பணத்தை விடுகிற இடம். லென்ஸின் முன் விளிம்பில் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறியும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருந்தால் அதுதான் ஃபில்டர் அளவு. ஆனால் பழைய லென்ஸ்கள் பலவற்றில் அது இருக்காது. 50 மி.மீ. என்று எழுதியிருப்பது குவியத் தூரம், அதைப் பார்த்து 50 மி.மீ. மூடி வாங்கிவிடாதீர்கள்.

ஒரு வெர்னியர் கடன் வாங்குங்கள். பாலிடெக்னிக் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருக்கும், இல்லாவிட்டால் எந்த லேத் பட்டறையிலும் இருக்கும். லென்ஸின் உள் மரையை அளக்கும்போது ஒரு விஷயம் குழப்பும். மரையின் முகடுகள் உள்ளே நீட்டிக்கொண்டிருப்பதால் வெர்னியர் காட்டுவது உண்மையான அளவைவிடக் குறைவாக வரும், மரையின் இடைவெளியைப் பொறுத்து அரை மில்லிமீட்டரிலிருந்து 0.8 வரை. 40.5 மி.மீ. லென்ஸ் 40.0 என்று காட்டும், 40 மி.மீ. லென்ஸ் 39.5 என்று காட்டும். இது தெரியாமல் 40 என்று வந்ததும் 40 மி.மீ. ஃபில்டர் தேடி அலைந்தவன் நான். உள்ளே அளந்ததோடு அரை மில்லிமீட்டரோ கொஞ்சம் கூடவோ சேர்த்து, அதற்குப் பக்கத்தில் இருக்கும் வழக்கமான எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மரை இடைவெளி பெரும்பாலும் 0.5 அல்லது 0.75. மெல்லிய தாளை மரைமேல் வைத்து மெதுபென்சிலால் உரசினால் கோடுகள் பதியும், 3 மி.மீ. நீளத்துக்குள் 6 கோடு வந்தால் 0.5, 4 கோடு வந்தால் 0.75.

வெர்னியரே இல்லையென்றால், மரை இல்லாமல் வெளியே செருகுகிற வகைக்கு ஒரு காகிதப் பட்டை போதும். லென்ஸ் விளிம்பைச் சுற்றி இறுக்கமாகப் பட்டையைச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் குறி போட்டு, நீட்டி அளந்து 3.14 ஆல் வகுக்க வேண்டும். சுற்றளவு 113 வந்தால் விட்டம் 36. 132 வந்தால் 42. 179 வந்தால் 57.

அந்த மூன்று எண்களையும் சும்மா சொல்லவில்லை. 36 என்பது பழைய லைக்கா எல்மார் 50 மி.மீ. எஃப்/3.5 லென்ஸின் வெளி விட்டம், ஏ36 என்று சொல்வார்கள். மடங்கும் ரஷ்ய லென்ஸான இண்டஸ்டார்-22 அதே அளவு, அதனால் ரஷ்ய மூடி எல்மாருக்கும் பொருந்தும், விலையும் குறைவு. 42 என்பது 39 மி.மீ. ஃபில்டர் போடுகிற லைக்கா லென்ஸ்களின் வெளி விட்டம். அந்த மூடிக்கு ஏ42 என்று பெயர். 57 யாஷிகா எலெக்ட்ரோ 35 ஜிஎஸ்என்னின் செருகு மூடி, அதே லென்ஸின் ஃபில்டர் மரை 55. மூடிக்கு ஓர் அளவு, ஃபில்டருக்கு வேறோர் அளவு என்பது இங்கே சாதாரணம், இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

மற்ற லென்ஸ்களின் ஃபில்டர் அளவில் எனக்கு நன்றாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஜூப்பிட்டர்-8, ஜூப்பிட்டர்-3, இண்டஸ்டார்-61, பழைய கான்டாக்ஸின் சோனார் 50 எல்லாம் 40.5. நிக்கான் ரேஞ்ச்ஃபைண்டரின் 50 எஃப்/2 லென்ஸும் 40.5, எஃப்/1.4 லென்ஸ் 43. லைக்காவின் மடங்கும் சம்மிக்ரான் 39, சம்மரிட் 41. சம்மிட்டார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும், அதன் மரை தனி ரகம், வழக்கமான 39 அதில் ஏறாது, அதற்கென்று செய்த அடாப்டர்தான் வேண்டும். கேனனின் திருகு மவுண்ட் 50 எஃப்/1.8 லென்ஸ் 40, எஃப்/1.4 லென்ஸ் 48, எஃப்/1.2 லென்ஸ் 55. கேனோனெட் க்யூஎல்17 ஜி3 கேமராவும் 48. ஒலிம்பஸ் 35 எஸ்பி 49, 35 ஆர்சி 43.5. மினோல்டா ஹை-மேட்டிக் 7எஸ் 55.

39 என்ற எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. பழைய லைக்கா லென்ஸ் கேமராவில் திருகுவதும் 39 மி.மீ. மரையில்தான், அதை எல்39 என்பார்கள். அது லென்ஸின் பின்பக்கம், அங்குலத்துக்கு 26 மரை. முன்பக்க ஃபில்டர் மரை 39 என்பது வேறு சங்கதி, 0.5 இடைவெளி. விற்பவர்களே இதைக் குழப்பிக்கொண்டு போடுகிறார்கள். லென்ஸின் பின்மூடியை ஃபில்டர் பக்க மூடி என்று எனக்கு அனுப்பியவர் ஒருவர் உண்டு, திருப்பி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. விளிம்பில் பொறித்த எழுத்து தெரியும்படி ஒரு படம் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள்.

எங்கே தேடுவது?

முதலில் நம் திருநெல்வேலி ஸ்டுடியோக்கள். நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளிலும் ஜங்ஷனிலும் பாளை மார்க்கெட் பக்கமும் ஃபிலிம் காலத்திலிருந்து இருக்கும் கடைகள் இன்னும் சில உண்டு. கேமரா பெயரைச் சொல்லிக் கேட்டால் “அதெல்லாம் இப்ப வர்றதில்ல தம்பி” என்றுதான் பதில் வரும். “அண்ணாச்சி, பழைய ஃபில்டர் டப்பா எதுவும் பரண்ல கெடக்கா?” என்று கேளுங்கள். அப்படிக் கேட்டுத்தான் ஒருமுறை ஒரு பிஸ்கட் தகர டப்பா நிறைய ஃபில்டரைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் அவர்கள் கையில் இருந்தது பென்டாக்ஸ், நிக்கான் எஸ்எல்ஆர்கள், அதனால் 49, 52, 55 கிடைக்கும். கல்யாணத்துக்குப் போடுகிற ஸ்டார் ஃபில்டரும் சாஃப்ட் ஃபில்டரும்தான் அதிகம், கறுப்பு-வெள்ளைக்கான மஞ்சள் அபூர்வம். எலெக்ட்ரோ, ஒலிம்பஸ் எஸ்பி, ஹை-மேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு இந்த டப்பாவே போதும்.

40.5 காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. சோனி மிரர்லெஸ் கேமராக்களோடு வருகிற 16-50 கிட் லென்ஸும் 40.5தான். அதனால் நடுவில் கிள்ளிக் கழற்றும் பிளாஸ்டிக் மூடியும் யூவி ஃபில்டரும் புதிதாகவே எல்லா இடத்திலும் கிடைக்கின்றன. ஸோர்க்கி மூடி, ஜூப்பிட்டர் மூடி என்று தேடினால் பழம்பொருள் விலை சொல்வார்கள், வெறுமனே 40.5 மூடி என்று தேடுங்கள். கேமரா பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் தேடுவது எல்லா அளவுக்கும் பொருந்தும். 40 மி.மீ. கேனன் லென்ஸுக்குக்கூட இந்த 40.5 கிள்ளு மூடி பெரும்பாலும் நிற்கும், ஸ்பிரிங் அந்த அரை மில்லிமீட்டரை விட்டுக்கொடுக்கும். ஃபில்டர் விட்டுக்கொடுக்காது, அதைத் திருகிப் பார்க்க வேண்டாம், மரை போய்விடும்.

48, 43.5, 40 மாதிரி இடைப்பட்ட அளவுகளுக்கு, சின்ன மரையில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் வளையமான ஸ்டெப்-அப் ரிங்தான் வழி. 48-லிருந்து 49, 48-லிருந்து 52, 39-லிருந்து 40.5 என்று கிடைக்கின்றன. எல்லா லென்ஸுக்கும் 52 ஆக்கிவிட்டால் ஒரே செட் ஃபில்டர் போதுமே என்று தோன்றும். எஸ்எல்ஆரில் அது சரி. ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸுக்கு மேலேயே வியூஃபைண்டர் ஜன்னல் இருப்பதால், 40.5 லென்ஸில் 52 ஃபில்டரை மாட்டினால் வியூஃபைண்டரின் கீழ் மூலையில் ஒரு கறுப்புப் பிறை எட்டிப் பார்க்கும், சின்ன கேமராக்களில் ஃபோகஸ் ஜன்னலையும் மறைக்கலாம். அதனால் ஒரு படி, மிஞ்சினால் இரண்டு படிக்கு மேல் ஏற வேண்டாம்.

வெளியூர் போகிறவர்கள் இருந்தால் டெல்லி சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி மார்க்கெட் கேமராக் கடைகளுக்கென்றே இருக்கிற சந்து, மும்பை சோர் பஜாரில் பழைய கேமராச் சாமான் வருகிறது. கையில் லென்ஸைக் கொண்டு போய் மாட்டிப் பார்த்து வாங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், சின்ன மூடிக்கு அது கட்டுப்படியாகாது.

மரையே இல்லாத வெறும் வட்டக் கண்ணாடியாக ஃபில்டர் கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது சீரிஸ் ஃபில்டர். லென்ஸில் செருகும் ஒரு வளையம், அதற்குள் கண்ணாடி, அதை அமுக்கிப் பிடிக்க இன்னொரு வளையம் என்று மூன்று துண்டு. சீரிஸ் 6 என்றால் கண்ணாடி 41.3 மி.மீ., சீரிஸ் 7 என்றால் 50.8 மி.மீ. வளையம் இரண்டும் சேர்ந்து கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

பழைய ஃபில்டரைக் கையில் எடுத்ததும் டியூப்லைட் அடியில் பிடித்து, கண்ணாடியில் தெரியும் டியூப்லைட்டின் பிம்பத்தைப் பாருங்கள். ஃபில்டரை மெல்லச் சாய்க்கும்போது அந்தக் கோடு நேராகவே நகர வேண்டும், நெளிந்தால் கண்ணாடி சரியில்லை. பிம்பம் ஊதாவாகவோ பச்சையாகவோ தெரிந்தால் பூச்சு உள்ள கண்ணாடி, வெள்ளையாகவே தெரிந்தால் பூச்சு இல்லை, எதிர்வெயிலில் படம் வெளுக்கும். ஓரத்தில் வானவில் மாதிரி வளையம் தெரிந்தால் இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போகிறது என்று அர்த்தம், அது வேண்டாம். பூஞ்சை மேலாக இருந்தால் துடைத்தால் போகும்.

மூடி கிடைக்கவே இல்லையா, நாமே செய்துவிடலாம். விவசாயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற பிவிசி குழாயை அடைக்கும் எண்ட் கேப் எந்த ஹார்டுவேர் கடையிலும் உண்டு. குழாயின் அளவு என்பது அதன் வெளி விட்டம்தான்: 32, 40, 50, 63 மி.மீ. ஆக 40 எண்ட் கேப்பின் உள்வட்டம் ஏறக்குறைய 40. எல்மாரின் 36-க்கு உள்ளே சுற்றிலும் 2 மி.மீ. தடிப்பில் ஃபெல்ட் ஒட்டினால் சிக்கென்று உட்காரும். எலெக்ட்ரோவின் 57-க்கு 63 கேப்பும் 3 மி.மீ. ஃபெல்ட்டும். ஆக்சா பிளேடால் ஆழத்தை ஒரு சென்டிமீட்டருக்குக் குறைத்து, வெட்டிய விளிம்பை உப்புத்தாளில் வழவழப்பாகத் தேய்த்து, தூள் முழுக்கக் கழுவிக் காயவைத்த பிறகுதான் ஃபெல்ட் ஒட்ட வேண்டும். பசை ஒரு நாள் முழுக்கக் காயட்டும், அதன் ஆவி கண்ணாடியில் படக் கூடாது. அந்த ஓட்டை விழுந்த ஃபெட்டுக்குத் திரை மாற்றிய பிறகு நான் செய்து போட்ட மூடி இதுதான், இன்னும் அதில் இருக்கிறது.

உலோகத்தில் வேண்டுமென்றால் பேட்டை தொழிற்பேட்டைப் பக்கம் லேத் பட்டறைகள் இருக்கின்றன. லென்ஸையே கொடுத்து அளவெடுக்கச் சொல்லாதீர்கள், பட்டறையில் இரும்புத்தூள் பறக்கும். உடைந்த ஃபில்டரின் கண்ணாடியை எடுத்துவிட்டு வளையத்தை மட்டும் மாதிரியாகக் கொண்டு போங்கள். மரை வெட்டுவதைவிட மரையில்லாத செருகு மூடி கடைவது அவர்களுக்கும் சுலபம், கூலியும் குறையும். உள் அளவை லென்ஸைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைக்கச் சொல்லி உள்ளே மெல்லிய வெல்வெட் ஒட்டிக்கொள்ளுங்கள்.

மூடி போட்டதும் இன்னொரு பிரச்சினை வரும். ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, மூடியைக் கழற்ற மறந்தாலும் வியூஃபைண்டரில் எல்லாம் பளிச்சென்று தெரியும். கேனோனெட்டைத் தானியங்கி நிலையில் (ஆட்டோ) வைத்திருந்தால் வெளிச்சம் போதவில்லை என்று ஷட்டர் பூட்டிக்கொள்ளும், தப்பித்தோம். எலெக்ட்ரோவில் ஒளியளக்கும் கண் கேமரா உடம்பில் தனியாக இருப்பதால் ஒன்றும் சொல்லாமல் 36 படமும் ஓடிவிடும். கோயிலில் கட்டிவிடுகிற சிவப்புக் கயிறு ஒரு சாண் எடுத்து, ஒரு நுனியை மூடியிலும் மறு நுனியை வார் மாட்டும் கொக்கியிலும் கட்டி, மூடி போட்டிருக்கும்போது கயிறு வியூஃபைண்டர் ஜன்னலுக்குக் குறுக்கே போகும்படி வையுங்கள். கண்ணை வைத்ததும் கயிறு தெரியும்.

கறுப்பு-வெள்ளைக்கு எந்த ஃபில்டர் என்று கேட்டால், ஒன்றே ஒன்று வாங்க முடியுமென்றால் மஞ்சள், கே2 அல்லது ஒய்2 என்று எழுதியிருப்பது. ஐப்பசி, கார்த்திகையில் பொதிகை மேல் மேகம் திரளும்போது மஞ்சள் இல்லாமல் எடுத்தால் வானமும் மேகமும் ஒரே வெளுப்பாகிவிடும். கோடையில் தூரத்து மலை நீலப் புகையில் மங்கினால் ஆரஞ்சு அதை வெட்டிக் கொடுக்கும். சிவப்பைத் தேரிக்காட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், செம்மணல் வெளுத்து வானம் கறுத்து, பனை நடுவில் நிற்கும். ஆனால் முகங்களுக்குச் சிவப்பு வேண்டவே வேண்டாம். உதடு மறைந்து தோல் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகும், நம் ஆட்களின் நிறம் நிறமாகவே படத்தில் வர வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. சிவப்பு போட்டாலும் வியூஃபைண்டர் இருட்டாகாது என்பது ரேஞ்ச்ஃபைண்டரின் பெரிய வசதி. பளபளப்பைக் குறைக்கிற போலரைசர் ஃபில்டர் மட்டும் இதில் கஷ்டம்: கையில் பிடித்துக் கண்ணால் பார்த்துத் திருப்பி, மேலே வந்த குறியை நினைவில் வைத்து, அதே குறி மேலே வரும்படி லென்ஸில் மாட்ட வேண்டும். ஜூப்பிட்டர்-8 ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதியும் சுற்றும், அதில் முதலில் ஃபோகஸ், அப்புறம் போலரைசர்.

வெளிச்சக் கணக்கு (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்): மஞ்சளுக்கு 1 ஸ்டாப், ஆரஞ்சுக்கு 2, அடர் சிவப்புக்கு 3. கேனோனெட், ஹை-மேட்டிக் 7எஸ் இரண்டிலும் ஒளியளக்கும் கண் லென்ஸ் வளையத்துக்குள்ளேயே இருக்கிறது, ஃபில்டர் அதையும் மூடுவதால் தானே சரி செய்துகொள்ளும். எலெக்ட்ரோவில் நாம்தான் மாற்ற வேண்டும். 400 ஃபிலிமுக்கு மஞ்சள் போட்டால் 200, ஆரஞ்சு போட்டால் 100, சிவப்பு போட்டால் 50 என்று ஃபிலிம் வேகத்தைக் குறிக்கும் ஏஎஸ்ஏ வளையத்தைத் திருப்புங்கள். கழற்றியதும் மறக்காமல் 400-க்குத் திரும்ப வேண்டும். பழைய எல்மாரில் அபெர்ச்சர் நெம்பு லென்ஸ் முகத்திலேயே இருப்பதால் செருகு ஃபில்டர் அதை மறைக்கும், அபெர்ச்சரை வைத்துவிட்டுத்தான் ஃபில்டரைச் செருக முடியும்.

மாட்டும்போது ஃபில்டரை முதலில் இடப்பக்கமாக, கழற்றுகிற திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். ஓர் இடத்தில் சின்னதாக ‘டக்’ என்று இறங்கும், மரையின் வாய் அங்கேதான். அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் கோணலாக ஏறாது. மரையில் எண்ணெய் விடக் கூடாது, மெதுபென்சில் முனையை ஒரு சுற்று தேய்த்தால் போதும்.

இறுகிப்போன ஃபில்டரை இடுக்கி வைத்துப் பிடித்தால் வளையம் நசுங்கி இன்னும் இறுகும். விரலால் இரண்டு பக்கம் அழுத்திப் பிடிப்பதும் அதே தப்புதான், வட்டம் முட்டை வடிவாகிவிடும். நன்றாகக் கழுவிக் காயவைத்த ரப்பர் செருப்பைத் தரையில் கவிழ்த்து வைத்து, அதன் அடிப்பாகத்தின் தட்டையான இடத்தில் ஃபில்டர் விளிம்பு முழுக்கச் சமமாகப் பதியும்படி லென்ஸை வைத்து, லேசாக அமுக்கி, லென்ஸை மட்டும் திருப்புங்கள். ஃபில்டரை ரப்பர் பிடித்துக்கொள்ளும், லென்ஸ் கழன்று வரும். கண்ணாடி விளிம்புக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தால் மட்டும் இது வேண்டாம், அதற்கு அகலமான ரப்பர் பேண்டை வளையத்தின் மேல் சுற்றிக் கையால் திருகிப் பாருங்கள். கழன்ற ஃபில்டரைத் தோல் உறைக்குள் திரும்பப் போட வேண்டாம். குற்றாலச் சாரல் காலத்தில் தோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பூஞ்சை அங்கிருந்துதான் வருகிறது. இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, மூடியின் மேல் லென்ஸ் பெயரையும் ஃபில்டர் அளவையும் எழுதி ஒட்டி வையுங்கள்.